கொடிக்கு வராத துணி

நீங்கள் திருச்சியில் இறங்குவதாகச் சொன்னீர்கள். ரயில் இப்போதுதான் திருப்பூரைத் தாண்டியிருக்கிறது, நேரம் போதும். ஆனால் தொடங்குமுன் சில செய்திகளை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் என்னைத் தவறாக எண்ணிவிடுவீர்கள்.

முதலாவது, நான் பிறர் விஷயத்தில் தலையிடுபவள் அல்லேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் மயிலாடுதுறையில் ஒரு பெண்கள் பள்ளியில் இலக்கணம் கற்பித்தேன். பிழையைக் கண்டால் சிவப்பு மையால் சுழிப்பேன். அது தலையீடு ஆகாது, கடமை.

இரண்டாவது, கோயம்புத்தூர் வடவள்ளியில் இருப்பது என் மகள் பூங்கோதையின் வீடு. என் கணவர் வைத்தியலிங்கத்துக்கு முழங்காலில் அறுவை நடந்த பிறகு, "ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்கம்மா" என்று அவள் அழைத்தாள். மூன்று மாதம் இருந்து பார்ப்பது, ஒத்துவந்தால் நிலையாகத் தங்குவது என்று பேச்சு. புரட்டாசிக் கடைசியில் போனோம்.

மூன்றாவதுதான் முதன்மையானது. மாப்பிள்ளை கார்வேந்தன் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். அவர் தாமே வடிவமைத்துச் செய்த வெந்நீர்த் தொட்டி ஒன்று அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறது. நால்வர் உட்காரலாம். சுற்றிலும் இருபத்து நான்கு துளைகள். அவற்றின் வழியே சுடுநீர் பீய்ச்சியடித்து முதுகையும் இடுப்பையும் பிசைந்துவிடும். அவர்கள் அதை 'டப்' என்பார்கள். கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை ஊட்டியிலிருந்து ஓர் ஓட்டல்காரர் அதைப் பார்வையிட வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் இருபது தொட்டிகள் செய்ய வேண்டும். பட்டறையில் உள்ள பதினொருவருக்கும் ஓராண்டு வேலை. பிடிக்காவிட்டால் பொங்கலுக்குள் அவர்களில் ஆறு பேரை அனுப்பிவிட வேண்டும். மாப்பிள்ளை அந்த ஆறு பெயர்களை எழுதிப் பார்த்து, தாளைக் கிழித்துப் போட்டார். குப்பைக்கூடையில் நான் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது.

நான்காவது, துணியில்லாமல் நீரில் இறங்கக் கூடாது. இது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆற்றங்கரையானாலும் தாழிட்ட குளியலறையானாலும், எங்கள் பக்கத்துப் பெண்கள் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றிக்கொள்வோம். ஆண்களுக்கு ஒரு துண்டாவது வேண்டும். யாரும் பார்க்கவில்லையே என்றால், தண்ணீர் பார்க்கிறது என்று பதில் வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மகளும் மாப்பிள்ளையும் நாள்தோறும் மாலை ஆறரைக்கு மாடிக்குப் போவார்கள். ஏழேகாலுக்கு இறங்கி வருவார்கள். இருவரும் துவாலைத் துணியில் தைத்த அங்கியை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். முகம் மட்டும் அவித்த நெல்லிக்காய் போலப் பளபளக்கும். மாடியில் மூங்கில் தட்டி மறைப்பு உண்டு. நான் அதன் வழியே எட்டிப் பார்த்தவள் அல்லேன். அதில் இடுக்கும் இல்லை.

அந்த வீட்டில் துணி உலர்த்தும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குப் பழக்கமில்லை. காலையில் ஈரத்துணியைக் கொடியில் போடும்போது ஒன்றைக் கவனித்தேன். இரண்டு அங்கிகள் வந்தன. இரண்டு துவாலைகள் வந்தன. நீரில் அணிந்த துணி என்று ஒன்று வரவேயில்லை.

முதல்நாள் மறந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாளும் வரவில்லை. மழை பெய்த நாள்களைக் கழித்து, அவர்கள் மாடிக்குப் போகாத ஞாயிறுகளையும் கழித்து, சரியாகப் பத்தொன்பது நாள் கணக்கு. பத்தொன்பதிலும் துணி இல்லை.

மகளிடம் மறைமுகமாகக் கேட்டேன்.

"பூங்கோதை, மாடியில் குளிக்கிறீர்களே, அந்தத் துணிகளை எங்கே காயப்போடுகிறாய்?"

"எந்தத் துணிம்மா?"

"குளிக்கும் துணி."

அவள் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. "அது காஞ்சிரும்மா" என்றாள்.

எது காயும், எங்கே காயும், எப்படிக் காயும் என்ற எதற்கும் அந்த விடையில் இடமில்லை. தேர்வுத்தாளில் இப்படி எழுதியிருந்தால் அரை மதிப்பெண்கூடத் தந்திருக்க மாட்டேன்.

கணவரிடம் சொன்னேன். நாற்பது ஆண்டுகள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்தவர். எதையும் கேட்டுவிட்டு முத்திரை குத்துவதுபோல ஒரு சொல் சொல்வார்.

"தையலு, நீ எதுக்கு அதெல்லாம் பாக்குற?" என்றார். என் பெயர் தையல்நாயகி, சொல்ல மறந்துவிட்டேன்.

"நான் பார்க்கவில்லை. கொடி கண்ணில் படுகிறது."

"கொடியில இல்லாதது எப்படி கண்ணுல படும்?"

இதற்கெல்லாம் விடை சொல்லிக்கொண்டிருந்தால் குடும்பம் நடத்த முடியாது.

மாப்பிள்ளையிடம் கேட்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். அவர் என்னை 'அத்தை' என்று வாய் நிறைய அழைப்பவர். நான் கூடத்துக்கு வந்தால் எழுந்து நிற்பவர். அவரிடம் போய் எப்படிக் கேட்பது? ஆகவே நான் கேட்காமல் ஓர் உதவி செய்வது என்று முடிவு செய்தேன். ஒருவேளை அவர்களிடம் தகுந்த உடை இல்லாமலிருக்கலாம். கடைகளில் விற்கும் நீச்சல் உடையைப் பார்த்திருக்கிறேன். கைக்குட்டைக்கு எடுத்த துணியில் மிச்சம் பிடித்துத் தைத்தது போல இருக்கும். அதை அணிவதும் அணியாததும் ஒன்றே.

ஈரோட்டிலிருந்து கெட்டியான காடாத் துணி வரவழைத்தேன். நனைந்தால் உடல் தெரியக் கூடாது என்று அரக்குச் சாயம் போட்டேன். பூங்கோதையின் தையல் இயந்திரத்தைத் தூசு தட்டி, ஒன்பது நாள் தைத்தேன். மகளுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால்வரை, முக்கால் கையுடன் ஓர் உடை. மாப்பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கும் கால்சட்டை, இடுப்பில் வெள்ளை நாடா. மேலுக்கு ஒரு கையில்லாச் சட்டை. நாடாவின் முனை பிரியாமலிருக்க இரண்டு நுனியிலும் சிவப்பு நூலால் முடிச்சிட்டேன். நான் தைக்கும் எல்லா நாடாவுக்கும் அப்படித்தான். இந்த முடிச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது கொடுப்பது என்பதில்தான் என் திறமை. இந்த ஆண்டு தீபாவளி ஐப்பசிக் கடைசியில் வந்தது. தீபாவளியன்று பெற்றவர்கள் மூலையில் மஞ்சள் தடவிக் கொடுக்கும் துணியை எந்தப் பெண்ணாவது, எந்த மாப்பிள்ளையாவது வேண்டாம் என்று சொன்னதுண்டா? அதை அன்றே உடுத்தியாக வேண்டும். புடவையோடும் பட்டு வேட்டியோடும் இவற்றையும் தாம்பாளத்தில் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினேன்.

மாப்பிள்ளை காலில் விழுந்து வாங்கிக்கொண்டார். கால்சட்டையைப் பிரித்துத் தூக்கிப் பிடித்தார்.

"இது எதுக்குங்க அத்தை?"

"மாடிக்கு" என்றேன்.

அவர் காது இரண்டும் அரக்குத் துணியின் நிறத்துக்கு வந்தன. பூங்கோதை அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். என் கணவருக்குப் புரையேறிவிட்டது, அதிரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை இருவரும் அவற்றை அணிந்துகொண்டே மாடிக்குப் போனார்கள். படியேறும்போது மகளின் உடை சரசரவென்று சத்தமிட்டது. கோயில் தேருக்குத் தொம்பைத் துணி தொங்கவிட்டது போல நன்றாகவே இருந்தது. மறுநாள் காலையில் கொடியில் ஏழு உருப்படிகள். அங்கி இரண்டு, துவாலை இரண்டு, நான் தைத்தவை மூன்று. அந்தக் கொடியைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மனநிறைவை, பணி ஓய்வு விழாவில்கூட நான் அடைந்ததில்லை.

எட்டு நாள் இப்படிச் சென்றது. அவர்கள் ஏழேகாலுக்குப் பதிலாக ஏழு மணிக்கே இறங்கினார்கள். பிறகு ஆறு ஐம்பதுக்கு. சுருக்கமாகக் குளிப்பது நல்லதுதானே என்று எண்ணினேன். செவ்வாயன்று மாப்பிள்ளை அங்கியை இரு கைகளாலும் இடுப்போடு பிடித்துக்கொண்டு இறங்கினார். குளிர் என்று எண்ணினேன்.

புதன்கிழமை காலை தொட்டியின் மோட்டார் நின்றுவிட்டது. ஓட்டல்காரர் வர இரண்டே நாள்.

பட்டறையின் மூத்த பிட்டர் ஆறுச்சாமி வந்தார். அறுபது வயது, வாயில் எப்போதும் ஒரு திருப்புளியோ வெற்றிலையோ இருக்கும். நாங்கள் நால்வரும் சுற்றி நின்றோம். மாப்பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தக் கிழித்த தாள்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆறுச்சாமி வடிகட்டியைத் திறந்தார். உள்ளே கைவிட்டு எதையோ இழுத்தார். ஒரு சிறிய தலையணை அளவுக்கு அரக்கு நிறத்தில் பஞ்சும் நூலுமாக ஒரு கட்டி வந்தது.

"இதென்னுங்க அநியாயம்" என்றார். "மூணு வருசமா இந்த வடிகட்டிய நாந்தானுங் கழுவறேன். ஒத்த நூலு வந்ததில்லீங்க."

மாப்பிள்ளை தொலைவில் தெரிந்த மருதமலையைப் பார்த்தார். பூங்கோதை தன் நகங்களைப் பார்த்தாள். மூன்று ஆண்டுகள், ஒற்றை நூலும் இல்லை. பத்தொன்பது நாளில் நான் கொடியில் தேடியதை, அவர் ஒரே வாக்கியத்தில் எல்லோருக்கும் அறிவித்துவிட்டார்.

அவருக்கு ஒன்றும் தெரியாது போலிருந்தது. மேலும் தொடர்ந்தார். "துணிமணி இல்லாம எறங்குனா மோட்டாருக்கு ஆயுசு கெட்டிங்க, டீச்சரம்மா. நான் மோட்டாரைச் சொன்னேனுங்."

என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். முழங்கால் அறுவைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு ஆறுச்சாமி மோட்டாரைக் கழற்றினார். அதன் சுழலியில் ஏதோ இறுகச் சுற்றியிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. ஒரு முழ நீளத்துக்குமேல் வெள்ளை நாடா. நுனியில் சிவப்பு முடிச்சு.

"எங்கிருந்து வந்துதோ" என்றார் மாப்பிள்ளை உடனே. "காத்துல அடிச்சிட்டு வந்திருக்கும். வடிகட்டி வலைக் கண்ணும் பெருசா இருக்குது. தப்பு நம்ம மேலதானுங்க, ஆறண்ணா."

அவர் என்னைப் பார்க்காமலேயே சொன்னார். பதினொரு பேரின் ஓராண்டு அந்த இடுக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது; அவர் என் முடிச்சை மறைத்துக்கொண்டிருந்தார். நீங்களே சொல்லுங்கள், ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பிழையைச் சுழித்தவள் அந்த இடத்தில் வாய்மூடி நிற்கலாமா?

"அது என் நாடா" என்றேன். "நான் தைத்தது. பிழை என்னுடையது."

"விடுங்கத்தை."

"விட முடியாது. என்ன செய்தால் சரியாகும் என்று சொல்லுங்கள்."

ஆறுச்சாமிதான் சொன்னார். மோட்டாரைப் பட்டறையில் உள்ள வேறொன்றால் மாற்றிவிடலாம். ஆனால் இருபத்து நான்கு துளைகளிலும் பஞ்சு அடைத்திருக்கிறது. ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பட்டறை ஆட்களின் தடித்த விரல்கள் அதற்குள் போகாது.

என்னிடம் குரோஷா ஊசி இருந்தது.

வியாழக்கிழமை காலை நீரை வடித்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினேன். நீர் இல்லாத தொட்டி. ஆகவே புடவையோடு இறங்கியதில் பிழையில்லை. கணவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார்.

"உள்ள எடம் தாராளமா இருக்கா தையலு?"

"உங்கள் வேலையைப் பாருங்கள்."

"நான் ரிடையர்டு ஆள். இதான் வேலை."

ஏழாம் துளையில் இருக்கும்போது பூங்கோதை விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, எதிரே இறங்கி உட்கார்ந்தாள். நான் பஞ்சை எடுத்துக் கொடுக்க, அவள் பையில் போட்டாள். பன்னிரண்டாம் துளையில் கேட்டாள்.

"ஏம்மா, நேரா கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். துணியை எங்கே காயப்போடுகிறாய் என்று."

"அது கேள்வியாம்மா? விசாரணை."

"நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?"

"மாட்டேன்" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அடங்கிய குரலில் சொன்னாள்: "நாள் பூரா அவரு பட்டறையில, நான் ஆபீஸ்ல. அந்த முக்கால் மணி நேரம்தாம்மா எங்களோடது. அதையும் கொடியில காயப்போடணுமா?"

விடை தெரியாத வினாவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ என்று மாணவிகளுக்குச் சொல்வேன். பதின்மூன்றாம் துளைக்குப் போனேன். ஆனால் அது வேறு கேள்விகளைப் போல அங்கேயே நின்றுவிடவில்லை. இருபத்து நான்காம் துளைவரை கூடவே வந்தது.

நான் ஊசியால் குத்திக்கொண்டிருந்த நேரத்தில் ஆறுச்சாமி வேறொன்று செய்தார். அந்த அரக்குக் கட்டியைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துக்கொண்டேயிருந்தவர், பட்டறைக்குப் போய், வடிகட்டிக்கு முன்னால் பொருத்துவதற்கு எஃகில் ஒரு கூடை வலை செய்து கொண்டுவந்துவிட்டார். "நாடாவப் போட்டே பாத்துட்டேனுங், இதுல நின்னுக்குது" என்றார்.

வெள்ளிக்கிழமை ஓட்டல்காரர் தேவசகாயம், மனைவி ஜெசிந்தாவோடு வந்தார். தொட்டி ஓடியது. துளைகள் இருபத்து நான்கும் சீராகப் பீய்ச்சின, நான் எண்ணினேன். தேவசகாயம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று தெரியாத முகம்.

ஜெசிந்தா அம்மாள்தான் பேசினார். "வெளிநாட்டு டப்பு ஒண்ணு வாங்கிப் போட்டோம் சார். ஒரே சீசன்ல போச்சு. நம்ம ஜனங்க நைட்டியோட இறங்கறாங்க, வேட்டியோட இறங்கறாங்க. ஒரு தாத்தா மப்ளரோட இறங்கிட்டாரு. புருஷன் பெண்டாட்டி மட்டும் இருக்கிற காட்டேஜுதான், கதவ சாத்திக்கலாம், இருந்தாலும் அப்படித்தான். இதுல இறங்க என்ன உடை போடணும்னு போர்டுல எழுதட்டும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை, மகள், ஆறுச்சாமி, என் கணவர். அவர்கள் ஏன் என்னைப் பார்க்க வேண்டும் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் வினா வந்துவிட்டது. விடை சொல்ல வேண்டியது ஆசிரியரின் பொறுப்பு.

"நூல் உதிராத எதையும் அணியலாம்" என்றேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "நைட்டியோ வேட்டியோ வந்தாலும் கூடை வலை தாங்கும், நாடா வரையில் சோதித்துவிட்டோம். ஒன்றுமே அணியாவிட்டாலும் எந்திரத்துக்குக் கேடில்லை. மூன்று ஆண்டுகள் சோதித்திருக்கிறார்கள்."

மாப்பிள்ளை மறுபடியும் மருதமலையைப் பார்த்தார். ஆறுச்சாமி வெற்றிலையைத் துப்புவதற்கென்று மாடியின் கோடிக்குப் போனார். அவர் தோள்கள் குலுங்கின. தேவசகாயம் முதன்முறையாகக் கைக்கட்டை அவிழ்த்தார்.

"நாடா வரைக்குமா?" என்றார். "அந்த வலையைக் காட்டுங்க."

கரூர் எப்போதோ போய்விட்டது, பேச்சில் கவனிக்கவில்லை. அதோ திருச்சி நெருங்குகிறது. உங்கள் பையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிவான செய்திகளை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இருபது என்று பேசிய தொட்டிகள் இருபத்திரண்டாயின. எல்லாவற்றிலும் கூடை வலை உண்டு. பட்டறையில் ஒருவரையும் அனுப்பவில்லை. அந்த வலைக்கு ஆறுச்சாமி 'டீச்சரம்மா வலை' என்று பெயரிட்டுப் பட்டறைப் பலகையிலும் எழுதிவிட்டார். நான் மறுத்தேன், ஆனால் நானில்லாமல் அது வந்திருக்காது என்பதையும் மறுக்க முடியாதல்லவா?

நான் தைத்த உடைகளால் இப்போது கார் துடைக்கிறார்கள். சாயம் இன்னும் போகிறது.

நாங்கள் வடவள்ளியிலேயே தங்குவதாக முடிவாயிற்று. என் நூல்களையும் சாமான்களையும் எடுத்துவரத்தான் இப்போது மயிலாடுதுறைக்குப் போகிறேன், திங்களன்று திரும்புகிறேன். துணி உலர்த்தும் வேலையைப் பூங்கோதை திரும்ப எடுத்துக்கொண்டாள். நானே விட்டுக்கொடுத்தேன். ஆறரையிலிருந்து ஏழேகால் வரை நானும் கணவரும் நடக்கப் போகிறோம். சில நாள் அவர்கள் இறங்க ஏழரையாகிறது என்று கேள்விப்பட்டேன்.

என் கணவரின் முழங்காலுக்குச் சுடுநீர் நல்லது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவருக்குப் பகல் பதினொரு மணி ஒதுக்கப்பட்டிருக்கிறது. படியிறங்கும்போது தாங்கிப் பிடிக்க ஒருவர் கூடவே தொட்டிக்குள் இறங்க வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னதாக அவர் சொன்னார். அதை நான் சரிபார்க்கவில்லை.

நேற்றுப் பதினொரு மணிக்கு வீட்டில் வேறு யாருமில்லை. பகல் முழுதும் கொடியில் இரண்டு துவாலைகள் மட்டுமே காய்ந்தன. இரண்டு துவாலைகளை வைத்துக்கொண்டு யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது.